அடிப்பது அவன், ஓ.பி.க்கு நான் எதற்கு வரணும்?

கேள்வி கேட்ட அம்மா எழுதியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மகனுக்கு 4 வயது, எல்.கே.ஜி. மூன்று மாதமாகப் பள்ளியில் பக்கத்துப் பிள்ளைகளை அடிக்கிறான், கடிக்கிறான். வீட்டில் ஃபோன் இருந்தால்தான் சோறு இறங்கும், இல்லையென்றால் தட்டு பறக்கும். ராத்திரி இரண்டு தடவை எழுந்து அழுகிறான். அப்பா ஆறு மாதத்துக்கு முன்பு வேலைக்காக ஷார்ஜா போயிருக்கிறார், புதுக்கோட்டைப் பக்கத்தில் அம்மாவும் அப்பத்தாவும்தான் வளர்க்கிறார்கள். குழந்தை டாக்டர், மனநல ஓ.பி.யில் சைல்டு சைக்காலஜிஸ்ட்டைப் பாருங்கள், வாரம் ஒருமுறை நீங்களும் கூட உட்கார வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். “அடிப்பது அவன், எனக்கு எதற்கு சிகிச்சை? நாலு வயசுப் பிள்ளைகிட்ட உட்கார்ந்து என்னதான் பேசுவாங்க? மாத்திரை கொடுத்துத் தூங்க வெச்சுடுவாங்களா? என் அத்தை, நாலு போடு போட்டா சரியாயிடும், இதுக்குப் போய் பைத்தியக்கார ஆஸ்பத்திரியா என்கிறார்.” இதுதான் கேள்வி.

நான் குழந்தைகள் மனநல ஓ.பி.யில் பல வருடமாக வேலை செய்பவன். இதே கேள்வியை வேறு வேறு அம்மாக்கள், சில அப்பாக்கள், நிறைய பாட்டிகள் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மாத்திரை பயத்தை முதலில் முடித்துவிடலாம். 4 வயதில் அடிக்கிறான், கத்துகிறான் என்பதற்கு முதல் சிகிச்சை மாத்திரை கிடையாது. அடங்காத துறுதுறுப்பு இருக்கிறது, ஏ.டி.எச்.டி.தான் என்று முடிவான பிள்ளைக்குக்கூட, 4-5 வயதில் பெற்றோருக்கான பயிற்சிதான் முதலில், மருந்து அதற்கு அப்புறம்தான் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டியே சொல்கிறது. வலிப்பு மாதிரி வேறு ஏதாவது இருந்தால் கதை வேறு, அதை டாக்டர் தனியாகச் சொல்வார். சைக்காலஜிஸ்ட் மருந்து எழுதுபவரும் இல்லை.

அப்புறம் உங்கள் முக்கியமான கேள்வி, நீங்கள் எதற்கு என்பது. செவ்வாய்க்கிழமை காலையில் நான் ஒரு அறையில் சொன்னதை வெள்ளிக்கிழமை சாயங்காலம் பொம்மை பிடுங்கப்படும்போது நினைவில் வைத்துக்கொண்டு நடக்க 4 வயதுப் பிள்ளையால் முடியாது. பெரியவர்களுக்கே கஷ்டம். அவனுக்குக் கோபம் வந்தால் இறங்குவதற்கு இன்னும் சொந்தமாகப் படி இல்லை, பக்கத்தில் இருக்கும் பெரியவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவான். அந்தப் பெரியவர் வாரத்தில் 45 நிமிடம் நான், மீதி நேரம் முழுக்க நீங்கள். அதனால் நான் உங்கள் கையில் கொடுப்பதுதான் அவனிடம் போய்ச் சேரும். கைப்பிள்ளைக்கு வயிறு சரியில்லை என்றால் பால் கொடுக்கும் தாயைப் பத்தியம் இருக்கச் சொல்வார்களே, உங்கள் அத்தைக்கு அது நன்றாகத் தெரியும். அதற்காகத் தாய்தான் பிள்ளைக்கு நோய் கொடுத்தாள் என்று யாரும் சொன்னதில்லை. இதையும் அவரிடம் அப்படியே சொல்லுங்கள். என் முன்னால் வந்து உட்காரும் அம்மாக்களில் முக்கால்வாசிப் பேர் ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு அனுப்பிய முகத்தோடு உட்காருகிறார்கள், அது எனக்கு ஒவ்வொரு முறையும் வருத்தமாகத்தான் இருக்கும். உங்களை விசாரிக்க அங்கே யாரும் கூப்பிடவில்லை.

முதல் ஒன்றிரண்டு தடவை பெரும்பாலும் கேள்விதான் கேட்பார்கள். கர்ப்பத்தில் ஏதாவது சிக்கலா, பிறந்ததும் அழுதானா, எடை எவ்வளவு, எப்போது நடந்தான், முதல் வார்த்தை எப்போது, ராத்திரி யார் பக்கத்தில் படுக்கிறான், யார் ஊட்டுகிறார்கள், ஒரு நாளில் ஃபோன் எத்தனை மணி நேரம், கடந்த ஒரு வருடத்தில் வீட்டில் என்னென்ன மாறியது. தடுப்பூசி அட்டை, பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டு, பள்ளி டைரி இதெல்லாம் எடுத்துப் போங்கள். முடிந்தால் அவன் கத்தும்போது ஒரு இரண்டு நிமிடம், அவனுக்குத் தெரியாமல், ஃபோனில் எடுத்து வையுங்கள். ஏனென்றால் ஓ.பி.க்கு வந்தவுடன் பிள்ளைகள் தங்கக்கம்பியாக உட்கார்ந்திருக்கும், தான் சொல்வதை யாரும் நம்பமாட்டார்களோ என்று அம்மா தவிப்பார்.

இன்னொன்று, இதை விட்டுவிடாதீர்கள். கூப்பிட்டால் சில சமயம் திரும்பாமல் இருக்கிறானா, பேச்சு கொஞ்சம் மழலையாகவே நிற்கிறதா? அப்படியென்றால் காது கேட்கும் பரிசோதனையை முதலில் முடித்துவிடுங்கள். சளி பிடித்துக் காதுக்குள் நீர் கோத்துக்கொண்ட பிள்ளைக்குப் பாதிதான் கேட்கும், அதைப் பார்த்து ‘அடங்காதவன்’ என்று பெயர் வைத்துவிடுவார்கள். வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுத் தூங்குகிறானா என்றும் கவனியுங்கள். மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வீங்கி ராத்திரித் தூக்கம் கெட்டால் பகலில் எரிச்சலாகத்தான் இருப்பான்.

சரி, நாலு வயசுப் பிள்ளையிடம் என்ன பேசுவார்கள்? பேசுவது குறைவு, தரையில் உட்கார்ந்து விளையாடுவதுதான் வேலை. இந்த வயதுக்கு நன்றாகச் சோதித்துப் பார்த்த ஒரு முறையைச் சொல்கிறேன், ஷீலா ஐபெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970-களில் உருவாக்கியது, 2 முதல் 7 வயது வரையான பிள்ளைகளுக்கு. அம்மாவும் பிள்ளையும் ஒரு அறையில் விளையாடுவார்கள், சிகிச்சையாளர் ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று, அம்மாவின் காதில் இருக்கும் சின்னக் கருவி வழியாக அந்தந்த நொடியில் என்ன செய்யலாம் என்று சொல்லிக்கொடுப்பார். நம் ஊரில் கண்ணாடியும் கருவியும் அபூர்வம். நான் அறையின் மூலையில் உட்கார்ந்து மெதுவாகச் சொல்வேன், அவ்வளவுதான்.

நான் முதலில் செய்வது ஒரு தாளில் கோடு போடுவது. ‘ஐந்து நிமிடம் அவனோடு விளையாடுங்கள்’ என்று சொல்லிவிட்டுக் கவனிப்பேன். ஒரு அம்மா பிளாக்ஸை எடுத்து வைத்தார், உடனே ஆரம்பித்தார்: “இது என்ன கலர்? இங்கிலீஷ்ல சொல்லு. எத்தனை இருக்கு, எண்ணு. ஏன் இப்படி வைக்கிற, விழுந்துடும். பெருசைக் கீழே வை. மாமாவுக்கு ரைம்ஸ் சொல்லிக் காட்டு.” ஐந்து நிமிடம் முடிந்தபோது கேள்விகளுக்கே 30 கோட்டுக்கு மேல் போட்டிருந்தேன். பிள்ளை நடுவிலேயே முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அந்த அம்மாவிடம் அன்புக்குக் குறைவே இல்லை. பிள்ளையோடு இருக்கிற நேரத்தை எல்லாம் பாடமாக்கினால்தான் நல்ல அம்மா என்று நாம் எல்லோரும் சேர்ந்து அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

அடுத்த தடவை அவருக்கு நான் கொடுத்த வேலை, கேள்வி கேட்காமல், ‘இதைச் செய்’ சொல்லாமல், திட்டாமல், அவன் என்ன செய்கிறானோ அதை வாயால் சொல்வது. கிரிக்கெட் வர்ணனை மாதிரி. “நீலத்தை எடுத்துட்ட. அதுக்கு மேல சிவப்பு வெக்கிற. மெதுவா வெக்கிற.” அவன் “பஸ்” என்றால் “ஓ, பஸ்ஸு” என்று திருப்பிச் சொல்வது. ஆரம்பத்தில் அவருக்கே கூச்சமாக இருந்தது. மூன்றாவது நிமிடத்தில் பையன் தலையை நிமிர்த்தி அம்மாவை ஒருமுறை பார்த்தான், அப்புறம் பஸ்ஸை அவர் மடியில் ஏற்றினான். அந்தப் பார்வைக்காகத்தான் இந்த வேலையையே செய்கிறேன் என்று சொன்னால் மிகையில்லை. வீட்டில் தினமும் 5 நிமிடம், ஃபோன் வேறு அறையில், அதுதான் வீட்டுப்பாடம். சிகிச்சையின் முதல் பாதி முடிய ஒரு அளவுகூட வைத்திருக்கிறார்கள்: 5 நிமிடத்தில் 10 முறை அவன் செய்வதைச் சொல்ல வேண்டும், 10 முறை அவன் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், 10 முறை எதற்கு என்று சொல்லிப் பாராட்ட வேண்டும், கேள்வியும் கட்டளையும் கண்டிப்பும் சேர்த்து மூன்றுக்குள் நிற்க வேண்டும். செய்து பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

பாராட்டு என்றதும் நம் வீடுகளில் இரண்டு தடை வரும். ஒன்று, கண் பட்டுவிடும். இன்னொன்று, தலையில் ஏறிக்கொள்வான். சுத்திப் போடுவதை நான் தடுக்க மாட்டேன், தாராளமாகச் சுத்திப் போடுங்கள், ஆனால் பாராட்டிவிட்டுச் சுத்திப் போடுங்கள். ‘குட் பாய்’, ‘சமத்து’ இதெல்லாம் அவனுக்குச் சேதி சொல்லாது. “கார் வேணும்னு கேட்டு வாங்கினியே, பிடுங்காம, நல்லா இருந்துச்சு” என்றால் எதைத் திரும்பச் செய்யணும் என்று அவனுக்குத் தெரிகிறது.

இரண்டாவது பாதியில்தான் சொல்பேச்சுக் கேட்க வைப்பது வரும். இதில் நாம் செய்கிற தப்பு பெரும்பாலும் இலக்கணத் தப்பு. “சாப்பிடலாமா?” என்று கேட்கிறோம், அவன் “வேண்டாம்” என்கிறான், உடனே நமக்குக் கோபம். கேள்வி கேட்டால் பதில் சொல்லத்தானே செய்வான். “வந்து தட்டு முன்னால உட்காரு” என்று ஒரே ஒரு விஷயத்தை, அவனால் முடிகிற விஷயத்தை, பக்கத்தில் போய்ச் சொல்லிவிட்டு, மனசுக்குள் ஐந்து எண்ணும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். செய்தால் உடனே அதைச் சொல்லிப் பாராட்டு. செய்யாவிட்டால் என்ன என்பது படிப்படியாக இருக்கிறது, அதை ஆள் பார்த்துதான் சொல்லிக்கொடுக்க முடியும், எழுத்தில் படித்துச் செய்யாதீர்கள்.

பூச்சாண்டி, போலீஸ் மாமா, ஊசி போடும் டாக்டர் மூவரையும் வீட்டை விட்டு அனுப்பிவிடுங்கள். அதைவிட முக்கியமாக, “நீ இப்படிப் பண்ணினா அம்மா உன்னை விட்டுட்டுப் போயிடுவேன்” என்ற வாக்கியம். எல்லா வீட்டிலும் சொல்கிறோம்தான். ஆனால் உங்கள் பையன் வீட்டில் ஒருத்தர் நிஜமாகவே போய்விட்டிருக்கிறார்.

இதைத்தான் நான் உங்களிடம் கேட்க நினைத்தேன். அவன் அப்பா எப்படிக் கிளம்பினார்? வெளிநாடு போகிற வீடுகளில் நான் கேட்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான், “பார்த்தா அழுவான்னு தூங்கினப்புறம் கிளம்பிட்டார் சார்.” பெரியவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் அது அன்புதான், அவருக்கும் பிள்ளை அழுவதைப் பார்த்துவிட்டு விமானம் ஏற மனம் வந்திருக்காது. பிள்ளை பக்கத்திலிருந்து பாருங்கள். தூங்கும்போது அப்பா இருந்தார், முழித்தபோது இல்லை. அப்படியென்றால் தூங்கினால் ஆட்கள் காணாமல் போவார்கள் என்றுதான் அவன் கணக்கு. ராத்திரி இரண்டு தடவை எழுந்து அழுகிறவன் நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்களா என்று பார்க்கிறானோ என்னவோ. உங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது என்றோ, அடிப்பதற்கு அதுதான் காரணம் என்றோ பார்க்காமல் நான் சொல்ல மாட்டேன், ஆனால் நீங்கள் போகிற இடத்தில் இதைக் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள்.

இதற்கென்றே ஒரு வகை சிகிச்சை இருக்கிறது. செல்மா ஃப்ரைபெர்க் என்ற அமெரிக்கச் சமூகப் பணியாளர் 1970-களில் மிச்சிகனில், கைக்குழந்தையோடு கஷ்டப்படும் தாய்மாரின் வீட்டுக்கே போய், சமையலறையில் உட்கார்ந்து பேசிச் சிகிச்சை செய்தார். அவர் கண்டது, அம்மாவின் சொந்தச் சின்னவயசு வலி கூப்பிடாமலே வந்து பிள்ளைக்கும் அவளுக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்கிறது என்பது. அந்த வழியில் சான் ஃபிரான்சிஸ்கோவில் அலிசியா லீபர்மனும் கூட வேலை செய்தவர்களும், இழப்பையோ வன்முறையையோ பார்த்த 5 வயது வரையான பிள்ளைகளுக்காக ஒரு சிகிச்சையை வளர்த்தெடுத்தார்கள். பிள்ளையும் வளர்ப்பவரும் சேர்ந்தே உட்காருவார்கள், வாரம் ஒருமுறை, ஒரு வருடம் வரைகூடப் போகும். நடந்ததை வளர்ப்பவரே பிள்ளைக்குப் புரிகிற வார்த்தையில் சொல்வதற்கு உதவுவதுதான் அதன் நடுப்பகுதி.

எங்கள் ஓ.பி.க்கு ஒரு சின்னப் பெண் வந்தாள், அடையாளம் தெரியாமல் மாற்றித்தான் சொல்கிறேன். தாத்தா இறந்து சில வாரத்தில் வீட்டுக்கு வெளியே பேசுவதை நிறுத்திவிட்டாள். ‘தாத்தா ஊருக்குப் போயிருக்கார்’ என்று சொல்லி வைத்திருந்தார்கள். விளையாடும்போது கிழவன் பொம்மையை எடுத்துக் கட்டிலில் படுக்க வைத்து, துணி போட்டு மூடி, அதைச் சுற்றி மற்ற பொம்மைகளை உட்கார வைத்தாள். அப்புறம் எல்லாவற்றையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து. நான்கு தடவை. அம்மா என் பக்கம் திரும்பினார், முகம் வெளுத்துவிட்டது, “இவ பக்கத்து வீட்டுல தூங்கிட்டிருந்தான்னுல்ல நெனச்சோம்.” அன்று எதுவும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அம்மா பொம்மை பக்கத்தில் உட்கார்ந்து, “தாத்தா செத்துப்போயிட்டாரு பாப்பா, அவரு உடம்பு வேலை செய்யல, இனி வரமாட்டாரு, அம்மாவுக்கும் அழுகையா வருது” என்றார். அவள் அழவில்லை, அம்மா கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். பேச்சு திரும்ப வர அதற்கப்புறமும் மாதங்கள் ஆனது.

உங்களைப் பற்றியும் கேட்பார்கள். தூக்கம் வருகிறதா, சாப்பிடுகிறீர்களா, அழுகை வருகிறதா, கை ஓங்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறதா. வீட்டுக்காரர் இல்லாமல், மாமியாரோடு, பள்ளியிலிருந்து தினமும் புகார் வாங்கிக்கொண்டு இருக்கிறவருக்கு இதில் ஏதாவது ஒன்றுக்காவது ஆமாம் என்று வரும். உண்மையைச் சொல்லிவிடுங்கள். உங்களுக்கும் தனியாக ஒரு டாக்டரைப் பார்க்கச் சொன்னால் போங்கள், அம்மாவின் மனச்சோர்வு குறைந்தாலே பிள்ளையின் நடத்தை மாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நடுராத்திரியில் தாங்கவில்லை என்றால் 14416, டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 2022-ல் தொடங்கியது, இலவசம், 24 மணி நேரமும், தமிழில் பேசலாம்.

அத்தை சொல்லும் ‘நாலு போடு’ பற்றி. போட்டால் அந்த நிமிடம் நிற்கும், அது உண்மை, அதனால்தான் எல்லோரும் போடுகிறார்கள். ஆனால் அடிக்கிற பிள்ளையை நிறுத்த அடித்தால், பெரியவனாக இருந்தால் அடிக்கலாம் என்பதைத்தான் அவன் படிப்பான், பள்ளியில் தன்னைவிடச் சின்னவன்மேல் அதைக் காட்டுவான். இதைச் சொல்லி அவரோடு வாதம் செய்ய வேண்டாம். ஒரு நாள் கூட்டிக்கொண்டு போங்கள். பகலெல்லாம் பார்த்துக்கொள்வது அவர்தானே, அவரும்தான் வளர்ப்பவர். நான் பார்த்தவரை அந்த 5 நிமிட விளையாட்டை அம்மாக்களைவிட அப்பத்தாக்கள் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள், கதை சொல்லிப் பழகிய வாய் அல்லவா.

எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்கள் ஊரிலேயே இருக்கிறது, ஓ.பி. சீட்டு போட்டு மனநலப் பிரிவைக் கேளுங்கள். 2013-ல் ஆரம்பித்த ஆர்.பி.எஸ்.கே. என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில், பிள்ளைகளின் குறைகளைச் சீக்கிரமே கண்டுபிடித்து உதவ, மாவட்ட அளவில் டி.இ.ஐ.சி. என்ற மையம் வைத்திருக்கிறார்கள், குழந்தை டாக்டர், சைக்காலஜிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும்படி அமைத்தது, கட்டணம் கிடையாது. சென்னைக்கு வர முடிந்தால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம். வளர்ச்சியில் சந்தேகம் என்றால் சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் இருக்கும் நிப்மெட், பல வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசு நிறுவனம். இன்னும் சிக்கல் என்றால் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை. தனியாரிடம் போனால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டிடம் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணைக் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

ஒரு எச்சரிக்கை. சில இடங்களில் பிள்ளையை உள்ளே வாங்கிக் கதவைச் சாத்திவிடுவார்கள், நீங்கள் 45 நிமிடம் வெளியே பெஞ்சில், முடிந்ததும் ‘பிளே தெரபி கொடுத்தாச்சு’ என்று ஒரு வரி. 20 அமர்வுக்கு மொத்தமாகப் பணம் வேறு. அப்படி ஒரு இடத்தில் எட்டு மாதம் போய்விட்டு, பிள்ளைக்கு என்ன செய்தார்கள் என்றே தெரியாமல் என்னிடம் வந்த குடும்பம் உண்டு. 6 வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு வளர்ப்பவரை எப்போதுமே வெளியே வைத்தால் ஏன் என்று கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் இடத்தை மாற்றுங்கள். இந்த விஷயத்தில் எனக்குச் சமாதானம் கிடையாது.

பெரிய ஊர், பெரிய கருவி இருந்தால்தான் நடக்கும் என்றும் நினைக்க வேண்டாம். ஆட்டிசம் உள்ள 65 பிள்ளைகளை வைத்துக் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஒரு ஆய்வு நடந்தது, 2016-ல் வெளிவந்தது. சொல்லிக்கொடுத்தவர்கள் நிபுணர்கள் இல்லை, பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்கள். அம்மாவும் பிள்ளையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, அம்மாவுக்கே போட்டுக் காட்டி, ‘இந்த இடத்தில் அவன் உங்களைப் பார்த்தான், நீங்கள் காத்திருந்தீர்கள், பாருங்கள்’ என்று பேசினார்கள். அந்தப் பெற்றோர்கள் பிள்ளைக்கு ஈடுகொடுப்பது நன்றாக முன்னேறியது, பிள்ளைகளும் தாங்களாகவே தொடர்புகொள்ள ஆரம்பித்தார்கள்.

எத்தனை நாள் ஆகும்? விளையாட்டும் கட்டளையும் சேர்ந்த முறைக்கு 12 முதல் 20 வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் சேட்டை கூடும். சாப்பாட்டுக்கு ஃபோன் இல்லை என்று முடிவெடுத்த முதல் மூன்று நான்கு நாள் அவன் இதுவரை கத்தாத அளவுக்குக் கத்துவான். அப்போது 20-வது நிமிடத்தில் மனசு இளகி ஃபோனைக் கொடுத்தால், அடுத்த நாள் 20 நிமிடம் கத்த வேண்டும் என்று தெரிந்துகொள்வான். அதனால் வீட்டில் எல்லோரும் சேர்ந்து பேசி, ஒரு வேளை சாப்பாட்டிலிருந்து மட்டும் ஆரம்பியுங்கள், இரவுச் சாப்பாட்டை முதலில் தொடாதீர்கள், எல்லோரும் களைத்துப்போயிருக்கும் நேரம் அது.

அவன் அப்பாவையும் இதில் சேருங்கள். தினமும் ஒரே நேரத்தில் வீடியோ கால், ‘சேட்டை பண்றியாமே’ என்று விசாரிக்காமல், பையன் கையில் இருக்கிற காரைப் பார்த்துச் சொல்லட்டும், ‘சிவப்பு கார் ஓட்டுற’ என்று. காலண்டரில் அவர் வரும் மாதத்தைக் காட்டுங்கள், தேதி உறுதி ஆகாவிட்டால் தேதி சொல்லாதீர்கள். லீவில் வந்துவிட்டுத் திரும்பும்போது தூங்க வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டாம். இரண்டு மூன்று நாள் முன்பே அப்பாவே சொல்லட்டும், பெட்டி கட்டும்போது பையனும் ஒரு சட்டையை மடித்து வைக்கட்டும், அப்பாவின் பழைய சட்டை ஒன்று அவன் தலையணைப் பக்கத்தில் இருக்கட்டும். வாசலில் நின்று அழுவான். நீங்கள் தூக்கி வைத்துக்கொண்டு, “அப்பா போறாரு, உனக்கு அழுகையா வருது, அம்மா இங்கதான் இருக்கேன்” என்று சொல்லிக்கொண்டே நில்லுங்கள், வண்டி திரும்பி மறையும்வரை அவன் பார்க்கட்டும்.